பட்டா நிலம்தான், ஆனால் உப்பங்கழி ஓரம்: மண் கொட்டி மேடாக்கலாமா?

கேள்வி: செய்யூர் வட்டம், இடைக்கழிநாடு பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் பூர்வீக பட்டா நிலம் இருக்கிறது. கடல் 700 மீட்டருக்கு அப்பால். நிலத்தின் ஒரு முனை உப்பங்கழியைத் தொடுகிறது. கழியை ஒட்டிய ஒரு ஏக்கர் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கோடையிலும் அமாவாசை, பௌர்ணமிக்குக் கழித்தண்ணீர் ஏறி இறங்கும். அதை ஐந்தடி உயர்த்தி காட்டேஜ் கட்ட நினைத்தோம். ஒப்பந்ததாரர் மண்ணுக்கு 22 லட்சம், கருங்கல் சுவர் தனி என்றார். பட்டா இடத்துக்கு அனுமதி எதுவும் வேண்டாம், மழைக்கு முன் கொட்டிவிடலாம் என்றும் சொன்னார். 6 லட்சம் முன்பணம் கொடுத்தோம். 40 லோடு சவுடு விழுந்ததும் வி.ஏ.ஓ. வந்து நிறுத்திவிட்டார், வட்டாட்சியர் நோட்டீஸும் வந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் ஏற்கெனவே நிரப்பிவிட்டார். மும்பையில் கடலையே தூர்த்துச் சாலை போடுகிறார்கள். சொந்த இடத்தில் நாங்கள் மண் போடக் கூடாதா? கொடுத்த பணம் திரும்புமா?

பதில்: கழித்தண்ணீர் ஏறி இறங்கும் பகுதியில் மண் போட உங்களுக்கு அனுமதி கிடைக்காது. தாமதமாகவோ நிபந்தனையோடோ கூடக் கிடைக்காது. காட்டேஜுக்காக அந்த இடத்தை நிரப்ப சட்டத்தில் வழியே இல்லை. ஆனால் சாலைப் பக்கத்து மேட்டு நிலத்தில் ஒரு பகுதி உங்களுக்கு மிஞ்சலாம். உங்கள் பணமும் உழைப்பும் போக வேண்டியது அந்தப் பகுதி எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்குத்தான் பட்டா ஆதாரம். அங்கே என்ன செய்யலாம் என்பதைக் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை தீர்மானிக்கிறது. எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது இதைத்தான். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த இந்த அறிவிக்கையில் இப்போது உங்களுக்குத் தேவையானவை இரண்டு: 2011 ஜனவரி 6 தேதியிட்டது, 2019 ஜனவரி 18 தேதியிட்டது. நிலத்தைத் தூர்ப்பது, கரை கட்டுவது, கடல்நீரின் இயல்பான போக்கைத் தடுப்பது ஆகியவற்றை இரண்டுமே தடை செய்கின்றன. விலக்குப் பட்டியலில் துறைமுகம், படகுத்துறை, பாலம், பாதுகாப்புத் துறைப் பணிகள், கடலரிப்புத் தடுப்பு, உப்புநீர் உட்புகாமல் தடுக்கும் கட்டுமானம் போன்றவை உண்டு. தங்கும் விடுதி இல்லை.

கடல் 700 மீட்டர் தள்ளியிருப்பதால் கடலிலிருந்து 500 மீட்டர் என்ற கணக்கு உங்களைத் தொடாது. தொடுவது கழிக்கணக்கு. ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், எட்டும் கழி, முகத்துவாரம், ஆறு எல்லாமே சி.ஆர்.இசட்.டுக்குள் வரும். ஆண்டின் மிக வறண்ட பருவத்தில் தண்ணீரின் உப்பு லிட்டருக்கு 5 கிராம் இருக்கும் இடம் வரை ஓதம் எட்டுவதாகக் கணக்கு. அங்கே உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது எச்.டி.எல். என்கிற கோட்டிலிருந்து, 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர், 2019 அறிவிக்கைப்படி 50 மீட்டர். கழியின் அகலம் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலம் மட்டும். 2019 அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்திய கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அங்கே அது செல்லும், அதுவரை 2011தான். எனவே உங்கள் சர்வே எண்ணுக்கு இன்று செல்லுபடியாகும் வரைபடம் எது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அதன் தலைவர் ஆட்சியர். வாய்ச்சொல்லாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். உங்கள் 2 ஏக்கரும் கழியோரம் 45 மீட்டர் அகலம், உள்ளே 180 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். உயர் ஓதக் கோடு கழியோரத்திலிருந்து 60 மீட்டர் உள்ளே விழுகிறது என்றும் கொள்வோம். 100 மீட்டர் விதி என்றால் 160 மீட்டர் போய்விடும். மிச்சம் 20 மீட்டர், சுமார் 22 சென்ட். 50 மீட்டர் விதி என்றால் மிச்சம் 70 மீட்டர், சுமார் 78 சென்ட். ஒன்றில் ஒரு வீடு கட்டலாம். மற்றதில் நீங்கள் நினைத்த காட்டேஜ்களில் பாதியாவது நிற்கும்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, இதில் பலரும் தமக்குத் தாமே கெடுதல் செய்துகொள்கிறார்கள். கார்த்திகை மழையில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் உயர் ஓதக் கோடு அல்ல. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கின்போது ஓதத் தண்ணீர் அதிகபட்சம் எட்டும் இடம்தான் கோடு. முழங்கால் தண்ணீர் மழைவெள்ளமாக இருந்தால் அது உங்களுக்கு எதிரான சாட்சி ஆகாது. ஆனால் கோடையிலும் ஏறி இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் ஓதத்துக்கு உட்பட்டதேதான். கோட்டை லெவல் மெஷின் வைத்துத் தனியார் சர்வேயர் குறித்தால் செல்லாது. மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனம் குறிக்க வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கடல் மேலாண்மை நிறுவனம் அப்படி ஒன்று. 1:4000 அளவில், சர்வே எண்களின் மேல் கோடு போட்ட வரைபடம் கேளுங்கள். அதற்கு முன் வட்ட அலுவலகத்தில் மனு கொடுத்து, புலப்பட வரைபடப்படி நிலத்தை அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். கல் நடாத நிலத்தின் மேல் போட்ட கோட்டை யாரும் எளிதில் மறுக்கலாம்.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் உமரிச் செடி படர்ந்திருக்கிறதா, அலையாத்திக் கன்று நிற்கிறதா? உவர்சதுப்பும் அலையாத்தியும் 1அ வகை, சி.ஆர்.இசட்.டில் அதைவிடக் கடுமையான வகை கிடையாது. அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையமும் சேரும். இருந்தால் பிடுங்க வேண்டாம்; செயற்கைக்கோள் படங்கள் ஆண்டுவாரியாக இருக்கின்றன, பிடுங்கியது தெரிந்துவிடும். பேரூராட்சி எல்லைக்குள் இருப்பதால் நகர்ப்பகுதிச் சலுகை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். மனைகளில் பாதிக்கு மேல் கட்டடம் வந்து, சாலை, குடிநீர் எல்லாம் உள்ள பகுதிக்குத்தான் அந்தச் சலுகை உள்ள இரண்டாம் வகை பொருந்தும்.

மும்பை கடற்கரைச் சாலைக்கு வருவோம். அங்கே 111 ஹெக்டேர் தூர்க்கப்பட்டது உண்மை. அதற்காகவே 2015 டிசம்பரில் 2011 அறிவிக்கையைத் திருத்தினார்கள். தூர்த்த நிலத்தில் குடியிருப்போ வணிகமோ கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படியும் 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்த பிறகே வேலை தொடர்ந்தது. உங்கள் காட்டேஜுக்கு அதில் எடுத்துக்காட்ட ஒன்றுமில்லை. பக்கத்துக்காரர் நிரப்பியதும் அப்படித்தான். சமத்துவ உரிமை சட்டப்படியான செயலுக்குத்தான் உண்டு. ஒருவருடைய மீறலைக் காட்டி இன்னொருவர் மீறலுக்கு உரிமை கேட்க முடியாது என்பது நிலைபெற்ற சட்டம். கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியின் நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு நின்ற சொகுசு விடுதியை இடிக்கும் உத்தரவை 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும், சி.ஆர்.இசட். மீறிக் கட்டிய கொச்சி மரடு அடுக்குமாடிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இரண்டிலும் உள்ளாட்சி அனுமதி கையில் இருந்தது.

சட்டத்தை ஒதுக்கிவைத்து, அந்த 22 லட்சத்தை மட்டும் பார்த்தாலும் கணக்கு நிற்காது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஐந்தடி உயரம் என்றால் 2,17,800 கன அடி, அதாவது 2,178 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,010 ரூபாய் வைத்து அவர் பெருக்கியிருக்கிறார். கொட்டிய மண் இறுகும், அடியில் உள்ள சேறும் அமுங்கும். கால் பங்கு கூடுதல் என்று பிடித்தால்கூட 2,720 யூனிட், அதே விலையில் 27 லட்சத்தைத் தாண்டும். கழியோரத்தில் மேலே மணல் தெரிந்தாலும் கீழே சில மீட்டருக்குக் களிச்சேறு இருப்பது சாதாரணம். நான்கு மீட்டர் சேற்றின் மேல் ஐந்தடி மண் ஏற்றினால் அரை மீட்டர் வரை இறங்கலாம். அதுவும் ஒரே நாளில் இறங்காது. சேற்றிலிருந்து தண்ணீர் வெளியேற வேண்டும். சேறு இரண்டு மடங்கு ஆழமானால் காலம் நான்கு மடங்கு ஆகும். அதனால்தான் துறைமுக வேலைகளில் ஒன்று, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பிளாஸ்டிக் வடிபட்டைகளைச் சேற்றுக்குள் செங்குத்தாக இறக்கி, மேலே மணல் விரித்து, கூடுதல் மண் பாரம் ஏற்றி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பாரம் வைக்காமல் உடனே கட்டினால் ஒரு மழைக்காலத்திலேயே தரை ஒரு பக்கம் சாய்ந்து சுவர் விரியும்.

கருங்கல் சுவர் இன்னும் மோசமான இடம். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியை அடியில் விரிக்காமல் கல்லை அடுக்கினால், ஓதம் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருக்கும் மண் கல்லிடுக்கு வழியே கரைந்து போகும். அடிவாரம் அரித்து சுவர் கழிக்குள் சரியும். இதில் உங்களுக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. சேற்றின் மேல் லாரி மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் சேறு முன்னால் பிதுங்கி எல்லை தாண்டும். அது புறம்போக்கில் ஏறினால் ஆக்கிரமிப்பு, பக்கத்து நிலத்தில் ஏறினால் சிவில் வழக்கு. மழைநீர் கழிக்கு ஓடும் வழியை உங்கள் மேடு அடைத்தாலும் மேல்பக்க நிலத்துக்காரர்கள் தடையாணை கேட்கலாம்.

இப்போது கையில் இருக்கும் நோட்டீஸ். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1905ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7ஆம் பிரிவு என்றிருந்தால், புறம்போக்கில் மண் விழுந்திருப்பதாகச் சொல்லி விளக்கம் கேட்கிறார்கள். பதில் போடாவிட்டால் அடுத்தது 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. குறித்த கெடுவுக்குள் பட்டா, புலப்பட வரைபட நகல்களை இணைத்து, அளந்து காட்டும்படி கோரிப் பதில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சி.ஆர்.இசட். மீறல் என்றிருந்தால் பதிலின் தொனியே வேறாக இருக்க வேண்டும்: வேலை நின்றுவிட்டது, மண்ணை அகற்றத் தயார், அகற்றும் முறையைச் சொல்லுங்கள். நீங்களாகவே இரவோடிரவாக ஜே.சி.பி. வைத்து அள்ள வேண்டாம். அள்ளும் வாளி அடிச்சேற்றையும் சேர்த்துத் தோண்டினால் அது இரண்டாவது மீறல். வி.ஏ.ஓ. முன்னிலையில், முன்னும் பின்னும் படம் எடுத்து, நடந்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதி அகற்றுங்கள். சவுடுக்கு கனிமத் துறையின் நடைச்சீட்டு இருந்ததா என்று ஒப்பந்ததாரரிடம் கேட்டு நகல் வாங்குங்கள். இல்லையென்றால் திருட்டு மண் உங்கள் நிலத்தில் கிடக்கிறது என்று பொருள்.

தண்டனை பற்றி: சுற்றுச்சூழல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அதற்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். சிறை போய்விட்டதே என்று சிலர் துணிகிறார்கள். அபராதத்தைக் கட்டுவதோடு வேலை முடியாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். அதற்கான மனுவை ஐந்தாண்டு வரை யார் வேண்டுமானாலும் போடலாம். கொட்ட 22 லட்சம் என்றால் அள்ளி எடுத்துப்போக எவ்வளவு என்று அதே ஒப்பந்ததாரரிடம் கேட்டுப் பாருங்கள்.

பள்ளத்தை என்ன செய்வது? கட்டடம் கட்டக் கூடாத பகுதி என்றாலும் ஓதம் ஏறாத இடத்தில் தோட்டம், மேய்ச்சல், விவசாயம் செய்யலாம், உயிர்வேலி போடலாம். கழியைப் பார்த்த காட்டேஜுக்கு விலை கூடுவதே அந்தப் பள்ளம் பள்ளமாக இருப்பதால்தான். மேட்டுப் பகுதி அந்த 100 அல்லது 50 மீட்டர் எல்லைக்கு வெளியே வந்துவிட்டால் சி.ஆர்.இசட். அனுமதி வேண்டாம், நிலப் பயன்பாட்டு மாற்றமும் திட்ட அனுமதியும் வழக்கம்போல வேண்டும். ஒரு மூலை உள்ளே வந்தாலும் அந்த மூலையில் கழிவுநீர்த் தொட்டியைக்கூட வைக்காதீர்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். சட்டம் தடுக்கும் வேலைக்கான ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாது என்று பின்னால் தெரிந்தால் பெற்றதைத் திருப்பித் தர 65ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே இருவருக்கும் தடை தெரியும் என்று அவர் நிரூபித்துவிட்டால் நீதிமன்றம் கை கொடுக்காது. அனுமதி வேண்டாம் என்று அவர்தான் சொன்னார் என்ற வாதம் மட்டும் போதாது. சட்டம் தெரியாமல் ஏமாந்ததற்காக ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று 21ஆம் பிரிவே சொல்கிறது. எனவே உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டும் வாட்ஸ்அப் செய்திகள், அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாள், வங்கிப் பரிமாற்றம் ஆகியவற்றை இன்றே நகலெடுத்து வையுங்கள். பிறகு பதிவுத் தபாலில் வேலையை நிறுத்தச் சொல்லி, விழுந்த 40 லோடுக்கான கணக்கைக் கழித்து மீதியை 15 நாளில் தரும்படி கேளுங்கள். முழு 6 லட்சத்துக்கும் அடம் பிடிப்பதைவிட இப்படிக் கேட்டால் பேச்சில் முடிய வாய்ப்பு அதிகம். முடியாவிட்டால் பணம் கொடுத்த தேதியிலிருந்து 3 ஆண்டு என்று பாதுகாப்பாகக் கணக்கிட்டு, அதற்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.