நவஹோ சடங்கை நேரில் பார்க்க முடியுமா? ஃபீனிக்ஸ் வாசகிக்குப் பதில்

கேள்வி: நாங்கள் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். சென்னையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் குடும்பத்தோடு, அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் பகுதிக்குப் போகிறோம். அவர்களுடைய சடங்கு ஒன்றை நேரில் பார்க்க வழி உண்டா? மணல் ஓவியம் வாங்கி ஹாலில் மாட்டலாமா? பள்ளி ப்ராஜெக்டுக்காக அங்கே பெரியவர் யாரிடமாவது ஒரு பழங்கதை கேட்டு எழுத வேண்டும் என்கிறான் பையன். செய்யக்கூடாதது எதையாவது தெரியாமல் செய்துவிடுவோமோ என்று அம்மாவுக்குப் பயம்.

பதில்: முதல் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கோயில், திருவிழா என்று பழகியவர்கள் நவஹோ மதத்திலும் போய்ப் பார்க்க ஓர் இடமும், நடை திறக்கும் நேரமும் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்ளும் இந்த மக்களின் பெரும்பாலான சடங்குகள் ஒரு குறிப்பிட்ட ஆளுக்காக, அவருடைய குடும்பத்தார் கூட்டி நடத்துபவை. உடம்பு சரியில்லை, தூக்கம் கெடுகிறது, மனசு நிலைகொள்ளவில்லை என்றால் முதலில் காரணம் கண்டு சொல்பவரிடம் போகிறார்கள். சிலர் கை நடுங்குவதை வைத்துச் சொல்வார்கள், சிலர் நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்வார்கள். இடி விழுந்த மரத்தைத் தொட்டது, பாம்பையோ கரடியையோ சீண்டியது, போரில் அந்நியர் சாவைப் பார்த்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எப்படியோ ஒரு ஒழுங்கு குலைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். எந்தச் சடங்கு என்று தெரிந்த பிறகு அதைப் பாடத் தெரிந்த 'ஹத்தாலி'யைத் தேடிப் போய் அழைத்து வருகிறார்கள். ஹத்தாலி என்றால் பாடகர். நூற்றுக்கணக்கான பாட்டுகளை வரிசை பிசகாமல் மனப்பாடமாகப் பாட வேண்டும் என்பதால், பல வருடம் குருவோடு இருந்தவர்கூட ஒரு சில சடங்குகளில்தான் தேர்ந்தவராக இருப்பார். போர்முனையிலிருந்து திரும்பிய ராணுவ வீரர்களுக்காகக் கோடையில் நடத்தும் 'எதிரி வழி'ச் சடங்கு இன்றும் நடக்கிறது.

ஆகவே தெரியாத வீட்டில் போய்ப் "பார்க்கலாமா, எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அவர்களாக அழைத்தால் தாராளமாகப் போகலாம்.

ஆனால் நீங்கள் போகும் தேதி நல்ல தேதி. நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில் அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் வடக்கு நவஹோ சந்தையோடு சேர்த்து 'இரவு வழி'ச் சடங்கும் நடக்கும். ஒன்பது இரவுகள் நீளும் குளிர்காலச் சடங்கு இது. பாம்பும் கரடியும் உறங்கப் போன பிறகு, இடியெல்லாம் ஓய்ந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்பது விதி. கடைசி இரவில் முகமூடி அணிந்த 'யே' தேவர்கள் விடிய விடிய ஆடுவதை வெளியாட்களும் ஓரமாக நின்று பார்க்கலாம். கேமரா, போன் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். கனமான ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள், அப்பா அம்மாவுக்கு அந்தக் குளிர் தாங்காது.

மணல் ஓவியத்துக்கு வருகிறேன். சடங்கில் அது சுவரில் மாட்டும் படமல்ல. ஹோகன் என்ற வீட்டின் மண் தரையில் சுத்தமான மணலைப் பரப்பிச் சமன் செய்வார்கள். இடித்துப் பொடித்த மணற்கல், கரி, சோளமாவு, மகரந்தம் ஆகியவற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லிய கோடாக வழியவிட்டு உருவங்களைப் போடுவார்கள். பெரிய ஓவியம் என்றால் பல பேர் குனிந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் வேலை செய்வார்கள். சுற்றிலும் வானவில் தேவதை காவலாக வளைந்திருக்கும், கிழக்குப் பக்கம் மட்டும் திறப்பு. முடிந்ததும் நோயாளியை அதன் மேலேயே உட்கார வைப்பார்கள். தேவரின் பாதத்து மணலை எடுத்து நோயாளியின் பாதத்தில் வைப்பார் ஹத்தாலி, தோளில் இருப்பதை எடுத்துத் தோளில் வைப்பார். தேவரின் வலிமை இவருக்கு வரும், இவருடைய நோய் மணலுக்குப் போகும். அதனால்தான் வேலை முடிந்த கையோடு ஓவியத்தைக் கலைத்து, மணலை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள்.

அப்படியானால் கடையில் பலகை மேல் பசை தடவி விற்பது? அது விற்பனைக்கென்றே செய்வது. நிறத்தையோ உருவத்தையோ வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றிவிடுவார்கள், சடங்கு ஓவியமாக அது ஆகிவிடக் கூடாது என்பதற்காக. செய்பவர்களும் தினேக்களே என்பதால் நீங்கள் வாங்கி மாட்டுவதில் தவறில்லை. ஆனாலும் இதை விரும்பாத பெரியவர்கள் இன்றும் உண்டு. ஹாஸ்டீன் க்ளா என்ற புகழ்பெற்ற ஹத்தாலி (1937இல் காலமானார்) இந்த ஓவியங்களைக் கம்பளத்தில் நெய்யத் தொடங்கியபோது அவருடைய மக்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது.

என்னைக் கேட்டால் அந்தக் காசுக்குச் சின்னதாக ஒரு கம்பளம் வாங்குங்கள். போகும் வழியில் கனாடோவில் ஹபெல் வணிக நிலையம் இருக்கிறது, 1878இலிருந்து நடக்கும் கடை. சாயமே போடாமல் ஆட்டு ரோமத்தின் பழுப்பு, சாம்பல், கறுப்பு நிறங்களிலேயே நெய்ததற்கு 'டூ கிரே ஹில்ஸ்' என்று பெயர். அடர்சிவப்பு என்றால் கனாடோ பாணி. சில கம்பளங்களில் ஓரக்கட்டை வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய இழை வெளியே ஓடும். பிழை என்று நினைத்து விலை குறைக்கச் சொல்லாதீர்கள்! நெய்தவரின் மனம் அந்த வேலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளாமல் வெளியேற விட்ட வழி அது. நெய்தவர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னொன்று, 'ட்ரீம்கேச்சர்' என்ற கனவு வலை ஒஜிப்வே என்ற வேறொரு பூர்வகுடி மக்களுடையது, கச்சீனா என்ற தேவ உருவப் பொம்மை பக்கத்து ஹோப்பி மக்களுடையது. இரண்டையும் நவஹோ மரபு என்று ஒருவர் விற்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பையனின் கதைதான் சிக்கல். கொயோட்டி என்ற குள்ளநரி செய்யும் சேட்டைகளைச் சொல்லும் கதைகள் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவை குளிர்காலத்துக்கு மட்டுமே உரியவை. உறைபனி விழுந்த பிறகு தொடங்கி, வசந்தத்தின் முதல் இடியோடு நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் "இப்போது சொல்லக்கூடாது" என்று பெரியவர் மறுத்தால், அந்த மறுப்பையே ப்ராஜெக்டில் எழுதச் சொல்லுங்கள். கான்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்க தினே வழிகாட்டி கட்டாயம் வேண்டும். அவரிடம் 1864ஐப் பற்றிக் கேட்கலாம், வரலாற்றுக்குப் பருவம் கிடையாது. அமெரிக்கப் படை அந்தப் பள்ளத்தாக்கில் சோளக் கொல்லைகளை எரித்து, ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டி, பட்டினி போட்டு மக்களைப் பணிய வைத்தது. நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர் ராணுவ முகாம் வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நடத்திக் கொண்டுபோனது. 1868 ஜூன் 1 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். வழிகாட்டியின் குலங்களையும் பையன் கேட்கட்டும். தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தா குலம், தந்தைவழித் தாத்தா குலம் என்று நான்கையும் சொல்லித்தான் தினேக்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும், ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது.

அம்மாவுக்கு: ஹோகன் வாசல் கிழக்கு பார்த்திருக்கும், உள்ளே போனால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி வந்து உட்கார வேண்டும். ஆளை நோக்கி விரல் நீட்டாதீர்கள், அவர்கள் உதட்டைக் குவித்துத்தான் திசை காட்டுவார்கள். இறந்தவர்களைப் பற்றித் துருவிக் கேட்கக்கூடாது. பழைய இடிபாடுகளைத் தொடவோ உள்ளே ஏறவோ வேண்டாம். சாவு ஒட்டிய இடத்தைத் தினேக்கள் தவிர்ப்பார்கள், சாவு நடந்த ஹோகனையே கைவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது. பையன் யூடியூபில் பார்த்த 'ஸ்கின்வாக்கர்' (மிருக உருவம் எடுக்கும் சூனியக்காரர்) கதைகளை அங்கே எடுக்கவே கூடாது. கிரகணம் என்றால் நம் வீட்டுப் பாட்டிகள் மாதிரியேதான்: சாப்பிடக்கூடாது, தூங்கக்கூடாது, வெளியே போய் அண்ணாந்து பார்க்கக்கூடாது. 2023 அக்டோபர் 14 சூரிய கிரகணத்தின்போது மான்யுமென்ட் வேலி உள்ளிட்ட பழங்குடிப் பூங்காக்களை மூடியே விட்டார்கள்.

அப்புறம், 'நவஹோ நாடு' என்ற அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியில் மதுவுக்குத் தடை, பூங்காக்களில் ட்ரோனுக்கும் தடை. தேசியப் பூங்கா பாஸ் மான்யுமென்ட் வேலியில் செல்லாது, தனிக் கட்டணம். கடிகாரத்தையும் கவனியுங்கள். அக்டோபரில் நவஹோ நேரம் ஃபீனிக்ஸை விட ஒரு மணி முன்னால் ஓடும், நடுவில் இருக்கும் ஹோப்பி நிலத்தில் மறுபடி ஃபீனிக்ஸ் நேரம். வழிகாட்டியிடம் பேசும்போது எந்த நேரப்படி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.