வேளை தவறாமல் உண்டும் தூக்கம் நழுவுவது ஏன்?

சாப்பாட்டு நேரமும் அலாரமும் மட்டும் உங்கள் உடல் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தாது. பார்வை முழுவதும் போய் வெளிச்சம் எட்டாதவர்களுக்கு, அந்தக் கடிகாரத்துக்கு நேரத்தை உணர்த்த இருப்பதில் வலுவான சைகை, தினமும் ஒரே நேரத்தில் சிறிய அளவில் எடுக்கும் மெலடோனின் என்ற, இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோன்தான்.

பார்வை முழுவதும் போன பிறகு தூக்கம் நாளுக்கு அரை மணி நேரம் தள்ளிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இது சோம்பல் அல்ல. யார் அப்படிச் சொன்னாலும் ஏற்காதீர்கள். மூளையின் மையக் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். கண்வழி வரும் வெளிச்சம் அந்த மிச்சத்தை அன்றாடம் கழித்துவிடும். உங்களுக்கு அது சேர்ந்துகொண்டே போகிறது என்று நினைக்கிறேன். வேளைக்கு உண்பது கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரத்தை நகர்த்தும். மையத்தை அவ்வளவாக அசைக்காது.

ஏழெட்டு வாரம், தூங்கும், விழிக்கும் நேரங்களைக் கைபேசியில் குரலாகப் பதிந்து வையுங்கள். அரை மணி வீதம் நகர்ந்தால் சுமார் 48 நாளில் தூக்கம் பழைய நேரத்துக்கே சுற்றி வரும். வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

மெலடோனினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். நேரம் தவறினால் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும். பதிவுகளுடன் தூக்க மருத்துவரைப் பாருங்கள். பலன் தெரியச் சிலருக்கு மாதங்கள்கூட ஆகும்.