தானாகவே வந்தவன்

கேள்வி: 16 வயதுப் பையன் ஒருவன் தன் மக்களுக்காகத் தானாகவே முன்வந்து துப்பாக்கி எடுக்கிறான். அவனைச் சேர்த்துக்கொண்டது போர்க்குற்றம் என்கிறது சர்வதேசச் சட்டம். அரசுகளுக்கு ஒரு நியாயம், போராடுகிறவர்களுக்கு இன்னொரு நியாயமா? – ஒரு வாசகர்

பதில்: இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டாவதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. முதலாவதில் இல்லை, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஊர் எரிந்து, பள்ளிக்கூடம் மூடி, அப்பா எங்கே போனார் என்றே தெரியாமல், ஒருவேளைச் சாப்பாடு கிடைக்கிற ஒரே இடம் முகாம்தான் என்று ஆனபிறகு ஒரு பையன் அங்கே போய் நிற்கிறான். அவனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, உண்மைதான், ஆனால் அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் வரவில்லை. அது சொன்ன முதல் தீர்ப்பே இந்த விஷயத்தில்தான்: 2012 மார்ச், காங்கோவின் இட்டூரி பகுதியில் ஆயுதக் குழு நடத்திய தாமஸ் லுபாங்கா. கொலை, கொள்ளை எதுவும் குற்றப்பத்திரிகையில் இல்லை. 15 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்தார், சண்டையில் பயன்படுத்தினார், அவ்வளவுதான். பிடித்து வந்து சேர்த்தாலும் குற்றம், தேடி வந்தவனைச் சேர்த்துக்கொண்டாலும் குற்றம், பிள்ளை சம்மதித்தான் என்பதை எதிர்வாதமாக ஏற்க முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அவர் பயிற்சி முகாமுக்குப் போய்ப் பேசிய வீடியோவே அவருக்கு எதிரான சாட்சியானது. 14 ஆண்டு சிறை.

இங்கே உங்களை ஒரு இடத்தில் திருத்த வேண்டும். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனம் போர்க்குற்றம் என்று சொல்வது 15 வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும்தான். உங்கள் பையனுக்கு 16. அவனைச் சேர்த்ததற்காக மட்டும் யாரையும் அந்த நீதிமன்றம் இருக்கிற ஹேக் நகரத்துக் கூண்டில் ஏற்ற முடியாது. அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்கு 2000இல் சேர்த்த விருப்ப நெறிமுறையில். அரசுப் படை அல்லாத ஆயுதக் குழுக்கள் எந்தச் சூழ்நிலையிலும் 18 நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. அதே நெறிமுறை, அரசுகள் 16 வயதுக்காரரைக்கூட விருப்பத்தின் பேரில் படையில் சேர்க்கலாம் என்கிறது. பெற்றோர் சம்மதம், வயதுச் சான்று என்று சில நிபந்தனைகள், அப்புறம் நேரடிச் சண்டைக்குப் போகாமல் இருக்க 'முடிந்த எல்லா நடவடிக்கையும்' எடுக்க வேண்டும். முடியவில்லை என்றால்? அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு படைப்பிரிவையே நடத்திக்கொண்டு போகலாம். பிரிட்டன் இன்றைக்கும் 16 வயதில் ஆளெடுக்கிறது.

ஆக, ஆம், இரண்டு நியாயம்தான். இவற்றை எழுதியவை அரசுகளே என்று பார்த்தால் காரணம் புரியும். 1977இல் போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களுக்குக் கூடுதல் நெறிமுறைகள் எழுதும்போது 15 என்று கோடு போட்டார்கள். 1989இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வந்தது. அதன் முதல் பிரிவு 18 வரை குழந்தை என்கிறது, 38ஆம் பிரிவுக்கு வந்தால் போருக்கு மட்டும் மறுபடி 15. மற்ற எல்லாவற்றுக்கும் குழந்தை, சாவதற்கு மட்டும் பெரிய ஆள். ஆப்பிரிக்க நாடுகள் 1990இல் தங்கள் குழந்தை உரிமைச் சாசனத்தில் விதிவிலக்கே இல்லாமல் 18 என்று எழுதிவிட்டன என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன், சிறார் போராளி என்றாலே ஆப்பிரிக்காவின் படத்தைப் போடுகிற பழக்கம் நம் பத்திரிகைகளுக்கும் உண்டு.

ஆனால் இதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவு எனக்குப் புரியவில்லை. அரசு தனக்கென்று ஒரு ஓட்டை வைத்துக்கொண்டது என்றால் அதை அடைக்கச் சொல்லலாம். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பதற்குப் பெயர் போராட்டமா?

தமிழில் இந்தக் கேள்வி வரும்போது எதை மனத்தில் வைத்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிள்ளைகளைப் படைக்குச் சேர்ப்போர் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் தரும் பட்டியலில் விடுதலைப் புலிகள் இருந்தார்கள், அவர்களிடமிருந்து 2004இல் பிரிந்த கருணா அணியும் இருந்தது. அந்த அணி பிள்ளைகளைக் கடத்தியபோது அரசுப் படையினர் சிலரே உடந்தையாக இருந்தார்கள் என்று ஐ.நா. சார்பில் போய்ப் பார்த்த ஆலன் ராக் 2006இல் சொன்னார். இதில் ஒரு பெயரை மட்டும் உரக்கச் சொல்லி மற்றதை முழுங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை, அவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி.

இன்னொன்று, நீங்கள் துப்பாக்கி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சமைக்கிறவள், மூட்டை சுமக்கிறவன், வேவு பார்க்கிறவன், தளபதிக்கு 'மனைவி' என்று கொடுக்கப்பட்டவள், இவர்கள் யார் கையிலும் துப்பாக்கி இருக்க வேண்டியதில்லை. ஆயுதக் குழுக்களில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி 2007இல் வந்த பாரிஸ் கோட்பாடுகள் இவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துத்தான் எண்ணுகின்றன.

கடைசியாக உங்கள் 'தானாகவே'வுக்கு வருகிறேன். உகாண்டாவில் டொமினிக் ஓங்வென் என்று ஒரு சிறுவன், ஒன்பது வயது வாக்கில் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடவுளின் எதிர்ப்புப் படை என்ற குழுவால் கடத்தப்பட்டான். வளர்ந்து அதே குழுவில் தளபதியானார். 2021இல் அதே ஹேக் நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டு சிறை கொடுத்தது. நிரூபணமான 61 குற்றங்களில் பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் ஒன்று. கடத்தப்பட்ட குழந்தை என்பதற்காகத் தண்டனையைக் குறைத்தார்கள், குற்றத்தை அல்ல. அப்படியும் ஒரு நீதிபதி 30 ஆண்டு கொடுத்திருக்க வேண்டும் என்றார். எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது, ஆனாலும் நிம்மதியாகப் படித்து முடிக்க முடியவில்லை. ஒன்பது வயதில் அவன் தானாக வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வயதிலிருந்து அவர் 'தானாகவே' அங்கே இருந்தார்? 16 என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.