குழு மடல்கள் தானாகப் பிரிய

கேள்வி: பழைய மாணவர் சங்கம், கமக்காரர் குழு இரண்டின் மடல்களும் ஜிமெயிலில் அலுவலகக் கடிதங்களோடு கலந்து வருகின்றன. அனுப்புநர் முகவரியை வைத்து பில்டர் (மடல்களைத் தானாகப் பிரிக்கும் விதி) போட்டும் பாதிதான் ஒதுங்குகிறது. என்ன பிழை?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: குழு மடலில் அனுப்புநர் ஆளுக்காள் மாறுவார். தலைப்பையும் நம்ப முடியாது. யாராவது அதை மாற்றிப் பதில் போட்டால் மடல் நழுவிவிடும். மாறாதது, குழு மென்பொருள் மடலின் மறைவான முகப்பில் எழுதும் 'லிஸ்ட்-ஐடி' வரி. அதைப் பிடியுங்கள்.

கணினியில் அந்தக் குழுவின் மடலொன்றைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி 'பில்டர் மெசேஜஸ் லைக் திஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 'லிஸ்ட்:' என்று தொடங்கும் வரி தானாக வரும். அதில் கைவைக்க வேண்டாம். அடுத்த திரையில் 'ஸ்கிப் த இன்பொக்ஸ்', 'அப்ளை த லேபிள்' (லேபிள் என்பது மடலுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) இரண்டையும் குறியிடுங்கள். பழைய மடல்களும் ஒதுங்க வேண்டுமென்றால், பொருந்தும் உரையாடல்களுக்கும் பில்டரைப் பிரயோகிக்கும் பெட்டியையும் குறியிட வேண்டும்.

'லிஸ்ட்:' வராமல் அனுப்புநர் முகவரி வந்தால், அது பெரும்பாலும் உண்மையான குழுவே அல்ல. யாரோ நாற்பது பேரை வரிசையாகச் சேர்த்து அனுப்புகிறார். தலைப்பில் எப்போதும் ஒரே சொல்லைப் போடச் சொல்லி, அதை வைத்துப் பிரித்துவிடுங்கள். அச்சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டாலும் ஜிமெயில் தேடல் அந்தக் குறியைக் கணக்கிலெடுக்காது, சொல்தான் முக்கியம்.

போன் செயலியில் பில்டர் உருவாக்க வழியில்லை. நெட் கபேயில் ஒருமுறை அமைத்தால் போதும், போனிலும் பிரிந்தே வரும் (எழும்பும்போது லொக் அவுட்!). ஆனால் இன்பொக்ஸுக்கு வராத மடலுக்கு போன் சத்தம் போடாது. இரணைமடுக் குளத்தின் காலபோக (பெரும்போக)க் கூட்ட அறிவித்தல் அப்படித் தவறக்கூடும். அன்ட்ரொய்ட் செயலியின் அமைப்பில் அந்த லேபிளுக்கு சிங்க் (மடல்களைப் போனுக்கு இறக்குவது), அறிவித்தல் இரண்டையும் இயக்கிவிடுங்கள்.