தூய இன நாய்க் கண்காட்சிகளுக்கு இருந்த மவுசு ஏன் குறைந்துவிட்டது?

பெடிக்ரீ நாய்களை, அதாவது வம்சாவளி பதிவான தூய இன நாய்களை, ரிங் எனப்படும் போட்டி வளையத்தில் நடத்திக் காட்டுவதில் முன்பிருந்த ஆர்வம் இப்போது இல்லையே, செலவு கூடிப்போனதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம், வெள்ளை உடம்பில் புள்ளி புள்ளியாக இருக்கும் டால்மேஷன் நாய்களை ரிங்குக்குக் கொண்டுபோனவன் நான். செலவும் ஒரு காரணம்தான். ஆனால் நான் விலகியது பணத்தால் அல்ல, சிறுநீர்க் கல்லால்.

என் இரண்டாவது நாய் மணிக்கு அப்போது நான்கு வயது. சாம்பியன் பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி பாக்கி. ஷோ அன்று விடிகாலையில் மைதானத்து ஓரமாகக் கூட்டிப்போனேன். காலைத் தூக்கினான், நின்றான், ஒரு சொட்டுகூட வரவில்லை. நான்கடி நடந்து மறுபடி தூக்கினான். அப்போதும் இல்லை. பக்கத்தில் தன் நாய்க்கு முடி சீவிக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கல்லு. ரிங்க விடு, டாக்டர்கிட்ட ஓடு" என்றார். ஓடினேன். அறுவை சிகிச்சையில் எடுத்த கற்களை டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். பழுப்பு கலந்த மஞ்சளில், கடுகு கடுகாக இருந்தன. மணி பிழைத்துக்கொண்டான். எனக்குக் குட்டி கொடுத்த ப்ரீடரிடம் இதைச் சொன்னபோது வந்த பதில்தான் என்னை அசைத்தது: "டால்மேஷனுக்கு இது சகஜம். வெளியில சொல்லாதீங்க, லைனுக்குப் பேர் கெட்டுடும்."

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. மற்ற நாய்களின் உடல், யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். டால்மேஷனில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. ஒரு மரபணுக் கோளாறு அந்த இனம் முழுவதற்கும் பரவிவிட்டது. இனத்துக்குள்ளேயே எந்த ஜோடியைச் சேர்த்தாலும் அந்தக் கோளாறு விலகாது, ஏனென்றால் அந்த மரபணுவின் நல்ல பிரதி எந்த நாயிடமும் மிச்சம் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தார்கள். 1973ல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்தார். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து, நல்ல மரபணு உள்ள குட்டியை மட்டும் பொறுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாயின்டரின் பங்கு பாதியாகும். பத்துத் தலைமுறை தாண்டினால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. புள்ளி, நடை, உடல்வாகு எல்லாம் டால்மேஷன்தான். கல் தொந்தரவு மட்டும் இல்லை. 1981ல், தூய இன நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் இப்படிப்பட்ட இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷன் இனத்துக்கான கிளப்பின் உறுப்பினர்கள் எதிர்த்ததும் கதவை மூடிக்கொண்டது. ரத்தம் கலப்படமாகிவிடும், புள்ளிகள் கெட்டுவிடும் என்றார்கள். அந்தக் கதவு மறுபடி திறந்தது 2011ல்! இடையில் முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் சிறுநீர் அடைத்துத் தவித்த நாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஷோக்களின் சரிவுக்கு மூல காரணம் ரிங் அல்ல, இந்த மூடிய பதிவேடுதான் என்பது என் கருத்து. முதல் பெரிய கண்காட்சி 1859ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. பாயின்டர், செட்டர் என்று வேட்டை நாய்கள் மட்டும்தான். பரிசாகக் கொடுத்தது துப்பாக்கி. வேலை செய்கிற நாய்களை ஒப்பிட்டுப் பார்க்கிற இடமாகத்தான் அது தொடங்கியது. 1873ல் லண்டனில் கென்னல் கிளப் வந்தது, 1877ல் நியூயார்க்கில் வெஸ்ட்மின்ஸ்டர் ஷோ, 1891ல் இங்கிலாந்தில் கிரஃப்ட்ஸ் ஷோ. கூடவே ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று ஸ்டாண்டர்ட் எழுதி, பதிவேட்டைப் பூட்டி, இதற்குள் பிறந்தது மட்டுமே இந்த இனம் என்றார்கள். சின்னக் குளத்தில் ஒரு சாம்பியன் ஆண் நாய் புகழ் பெற்றால் எல்லோரும் அதனிடமே பெண் நாயைக் கொண்டுபோவார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் பாதி இனம் அதன் பேரப்பிள்ளைகளாகிவிடும். அதன் உடலில் ஒளிந்திருந்த குறையும் கூடவே பரவும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிய வந்தது 2008ல். பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்தில், மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமல் வலியில் துடிக்கும் கவாலியர் என்ற சிறிய இன நாய்களைக் காட்டினார்கள். அதுவரை பல்லாண்டுகளாகக் கிரஃப்ட்ஸை ஒளிபரப்பி வந்த பிபிசியே 2009ல் அதை நிறுத்திக்கொண்டது. தாயும் மகனும், அண்ணனும் தங்கையும் சேர்ந்து பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று கென்னல் கிளப் முடிவெடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். அதுவரை பதிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2012 கிரஃப்ட்ஸில் இன்னொன்று நடந்தது. உடல்நலக் கவலை அதிகமுள்ள பதினைந்து இனங்களில், இனத்தின் சிறந்த நாயாகத் தேர்வானதைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு விடுவது என்று வைத்தார்கள். பெக்கினீஸ், புல்டாக் உட்பட ஆறு நாய்கள் தேறவில்லை. ஜட்ஜ் இதுதான் சிறந்தது என்று கைகாட்டிய நாயை டாக்டர் வெளியே அனுப்புகிறார். ஷோ உலகம் கொதித்தது, அவமானம் என்றது. எனக்கோ, யாராவது ஒருவர் நாய் பக்கம் நின்றாரே என்று ஆறுதலாக இருந்தது.

அப்புறம் செலவு, நேரம். அமெரிக்க முறையில் சாம்பியனாக 15 புள்ளி வேண்டும், அதில் இரண்டு வெற்றிகளாவது நாய்கள் நிறைய வந்த பெரிய போட்டிகளாக இருக்க வேண்டும். அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டும். தானே நாயைப் பிடித்து ஓடுகிறவர், காசு வாங்கிக்கொண்டு நாய்களை ரிங்கில் ஏற்றுகிற தொழில்முறை ஹேண்ட்லரோடு மோத வேண்டும். ஜட்ஜ் நாயைப் பார்க்கிறாரா, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரைப் பார்க்கிறாரா என்ற சந்தேகம் வந்துவிட்டால் புதியவர்கள் நிற்பதில்லை. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்ப்பதே நல்லது என்ற எண்ணமும் பரவலாகிவிட்டது. பெடிக்ரீ சர்டிஃபிகேட்டைக் காட்டினால் முன்பு மரியாதை கிடைக்கும், இப்போது சங்கடமான கேள்விகள் வருகின்றன.

ஆனால் ஷோ சரிந்தால் நாய்களுக்கு நல்லது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். மூச்சுத் திணறும் தட்டை மூஞ்சி பிரெஞ்ச் புல்டாக்தான் 2022ல் அமெரிக்கப் பதிவுகளில் முதலிடத்துக்கு வந்தது. 31 வருடம் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரைத் தள்ளிவிட்டு! வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஒரு ஷோவைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டர்டே ஏற்காத நீலம், மெர்ல் (திட்டுத் திட்டாகக் கலந்த நிறம்) குட்டிகளுக்குத்தான் அங்கே கிராக்கி. ரிங்கின் பிடி போன இடத்தில் செல்போன் படங்களின் பிடி வந்திருக்கிறது. அங்கே டாக்டரும் இல்லை, ஜட்ஜும் இல்லை. நார்வேயில் 2023ல் உச்ச நீதிமன்றம் கவாலியரை இன்றைய நிலையில் இனப்பெருக்கம் செய்வது சட்ட விரோதம் என்றது. இப்படிச் சட்டம் நுழைய வேண்டிய நிலைக்கு விட்டது நம்முடைய தவறுதான்.

நான் இழந்ததாக நினைப்பது ஒன்று உண்டு. மணிக்குக் கல் என்று சொன்னாரே, அந்தப் பெரியவர். நாய் மீது கை வைத்தால் அவருக்கு எல்லாம் தெரியும். தோள்பட்டை எலும்பு எந்தச் சாய்வில் இருக்கிறது, பின்னங்கால் உதைப்பு முதுகு வழியாக முன்னால் வந்து சேருகிறதா, நடுவில் எங்கே சிதறுகிறது என்று விரலாலேயே படிப்பார். நாய் தன்னைத் தாண்டி ஓடும்போது சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு பாதச் சத்தத்தைக் கேட்பார், எந்தக் கால் தாமதம் என்று சொல்வார். அந்தக் கல்வி புத்தகத்தில் இல்லை, ரிங் ஓரத்து நாற்காலிகளில்தான் இருந்தது. இன்று அந்த நாற்காலிகளில் உட்கார ஆள் இல்லை.

அதில் ஒரு பகுதியாவது தடை தாண்டும் அஜிலிட்டி போட்டிகளுக்குப் போயிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. 1978ல் கிரஃப்ட்ஸில் இடைவேளைக்கு ஒரு வேடிக்கையாகக் காட்டியது அது. இப்போது கலப்பின நாய்களும் ஓடலாம், வெஸ்ட்மின்ஸ்டரே 2014ல் இதைச் சேர்த்துக்கொண்டது. ஓட முடியாத உடம்பை அங்கே சீவி மறைக்க முடியாது.

மணி பதினொரு வயது வரை இருந்தான். இப்போது என்னிடம் இருப்பவன் அந்த ஒற்றைப் பாயின்டரின் வழியில் வந்தவன். கல் வராது என்று மரபணுச் சோதனையே சொல்லிவிட்டது. இருந்தாலும் காலையில் அவன் காலைத் தூக்கி நிற்கும்போது, கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அசைக்கிறேன்.