நோவு கோடா, புள்ளியா? முதலில் தடவிப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 29. பத்து கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் எட்டு வாரம்தான். வாரத்தில் மூன்று நாள் மரைன் டிரைவில் ஓடியவள், போன மாதம் ஆறு நாளாக்கினேன். இப்போது இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே உட்பக்கம் நோகிறது, வலதில் கூட. ஓட ஓடக் குறைகிறது, அடுத்த நாள் காலையில் திரும்ப வருகிறது. சப்பாத்தை மாற்றவா? பெனடோல் போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: சப்பாத்துக்குப் பிறகு வருவோம். இப்போது ஒரு கதிரையில் இருந்து, வலது காலை இடது தொடையின் மேல் போடுங்கள். கணுக்காலின் உட்பக்க எலும்பிலிருந்து முழங்காலை நோக்கி, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைப் பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு போங்கள். மூன்று விரல் அகலத்துக்கும் மேலாக, கோடு இழுத்ததுபோல் நோகிறதா? அல்லது ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் மட்டும், தொட்டதும் காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு நோகிறதா? மற்றக் காலிலும் இதையே செய்யுங்கள். மிச்சமெல்லாம் இந்த விடையைப் பொறுத்தது.

ஓட்டத்தின் அதிர்வை வாங்கும் எலும்பு, தேய்ந்த பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். மூச்சோ அதற்கு முன்பே பழகிவிடும். 'இன்னும் ஓடலாம்' என்று நெஞ்சு சொல்லும் நேரத்தில் எலும்பு பாதி வேலையில் நிற்கும். மூன்று நாளை ஒரேயடியாக ஆறு நாளாக்கியதுதான் உங்கள் நோவுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

புள்ளியாக நோகிறது, நடந்தாலும் நோகிறது, படுத்த பிறகும் விடவில்லை என்றால் எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி டொக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே கிளியர்' என்று கேட்டுவிட்டு மறுநாளே ஓடப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டும். இன்னொன்று, மாதவிடாய் பிந்துகிறதா, மெலிவதற்காகச் சாப்பாட்டைக் குறைத்தீர்களா? வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாத உடம்பில் எலும்பு ஆறாது.

கோடாக நோகிறது என்றால் நிலைமை இலகு. நீங்கள் சொல்வது அதற்குத்தான் ஒத்துப்போகிறது. திரும்பவும் மூன்று நாளுக்கு வாருங்கள், தூரத்தைப் பாதியாக்குங்கள். பத்துக்கு இரண்டு மூன்று அளவில் நோவு இருந்தால் ஓடலாம். அடுத்த நாள் காலையில் அது கூடியிருக்கக் கூடாது. அந்தக் காலை நோவுதான் உங்கள் அளவுகோல். பெனடோல் அதை மறைத்துவிடும் என்பதால், ஓடுவதற்காக அதைப் போட வேண்டாம். ஓட்டம் முடிந்து பத்து நிமிடம் ஐஸ் வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான மருந்து கெண்டைக்கால் பலம். மாடிப்படியில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி, இன்னும் மெதுவாக இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு கதிரையில் இருந்து, முழங்கால்களின் மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து அதையே செய்யுங்கள். முழங்கால் மடங்கியிருக்கும்போது வேலை செய்வது கெண்டையின் உள்தசை. ஓட்டத்தில் பெரிய சுமை அதன்மேல்தான். இலகுவாக வந்ததும் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள்.

அடியையும் சின்னதாக்குங்கள். ஒரு நிமிடத்தில் வலது பாதம் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். எண்பது என்றால், வேகத்தைக் கூட்டாமல் எண்பத்துநாலாக்கப் பாருங்கள்.

சப்பாத்து எண்ணூறு கிலோமீற்றர் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தக் காசை வைத்திருங்கள்.

எட்டு வாரத்தில் ஓடலாமா? கோடு என்றால், இரண்டு வாரம் குறைத்து, பிறகு வாரத்துக்கு ஒரு கிலோமீற்றர்போல நீண்ட ஓட்டத்தைக் கூட்டினால் பெரும்பாலும் ஓடலாம், நேரத்தைப் பார்க்காமல். புள்ளி என்றால் இந்த முறை பெயரை எடுத்துவிடுங்கள். எதற்கும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.