தெற்கு டைரோல் தன்னாட்சி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இத்தாலிக்குள் ஜெர்மன் பேசும் மாகாணம் எப்படி வந்தது?

பதில்: முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரியாவிடமிருந்து 1919 ஒப்பந்தத்தின்படி இத்தாலிக்குப் போன நிலம் அது. அங்கிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. முசோலினி ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை ஒழித்தது, ஊர்ப் பெயர்களை இத்தாலிய மொழிக்கு மாற்றியது. தாய்மொழியை ஒளித்து ஒளித்துத்தான் கற்பித்தார்கள். அந்த ரகசிய வகுப்புகளுக்கு ‘நிலவறைப் பள்ளிகள்’ என்றே பெயர்.

கேள்வி: 1948இலேயே தன்னாட்சி கிடைத்துவிட்டதே, பிறகு 1961இல் ஜெர்மன் பேசுவோரில் சிலர் மின்கோபுரங்களுக்கு ஏன் குண்டு வைத்தார்கள்?

பதில்: சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. 1946இல் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் டி காஸ்பெரியும் கையெழுத்திட்டுத் தன்னாட்சிக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் 1948 சாசனம் தெற்கு டைரோலைப் பக்கத்து டிரென்டினோவோடு சேர்த்து ஒரே பிராந்தியமாக்கி, முக்கிய அதிகாரங்களை அந்தப் பிராந்தியத்திடம் கொடுத்தது. சேர்த்து எண்ணினால் இத்தாலியர்தான் பெரும்பான்மை! வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பிடுங்கிக்கொண்டார்கள். 1957இல் சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில் தெற்கு டைரோல் மக்கள் கட்சித் தலைவர் சில்வியுஸ் மக்னாகோவின் பேச்சைக் கேட்கத் திரண்டவர்களின் முழக்கம் ‘ரோமை விட்டு விலகு’ அல்ல, ‘டிரென்டோவை விட்டு விலகு’. டிரென்டோதான் டிரென்டினோவின் தலைநகர். ஆஸ்திரியா 1960இல் ஐ.நா. வரை போனது. 1972இல் வந்த இரண்டாவது சாசனம்தான் அதிகாரங்களை மாகாணத்திடமே ஒப்படைத்தது.

கேள்வி: பணம்?

பதில்: அங்கே வசூலாகும் வரியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மாகாணத்துக்கே. கஜானா இல்லாத தன்னாட்சி வெறும் பெயர்ப்பலகை.

கேள்வி: அரசு வேலைகளை மொழிவாரியாகப் பங்கிடுகிறார்களாமே, அது நியாயமா?

பதில்: 2024 கணக்கெடுப்பில் ஜெர்மன் மொழியினர் சுமார் 69%, இத்தாலியர் 27%, லதின் என்ற சிறு மலைப்பகுதி மொழியைப் பேசுவோர் 4.4%, வேலையும் இந்த விகிதத்தில்தான். அதோடு இருமொழித் தேர்விலும் தேற வேண்டும். ஒரு காலத்தில் அரசு அலுவலகங்கள் இத்தாலியர் கையிலேயே இருந்ததால் இந்த மருந்து தேவைப்பட்டது. ஆனால் அப்பா இத்தாலியர், அம்மா ஜெர்மன் என்றால் பிள்ளை என்ன செய்யும்? ‘எதிலும் இல்லை’ என்று அறிவிக்கலாம். ஆனாலும் பங்கீட்டுக்காக மூன்றில் ஒரு குழுவோடு சேர்ந்தாக வேண்டும். எனக்கு நெருடுவது இந்த இடம்தான்.

கேள்வி: பள்ளிகளும் தனித்தனியா?

பதில்: ஜெர்மன் பள்ளி வேறு, இத்தாலியப் பள்ளி வேறு, மற்ற மொழி இரண்டாம் பாடம். லதின் பள்ளத்தாக்குகளில் மட்டும் இரண்டிலும் சரிபாதியாகப் பாடம் நடத்தி, லதினையும் கற்பிக்கிறார்கள். ஆகச் சிறிய குழுவின் பிள்ளைகள்தான் மூன்று மொழியோடு வெளியே வருகிறார்கள்.